கணினியை ஆளுக்கேற்ப அமைத்தல்

மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கணினி அமைத்துக் கொடுக்கப் போகிறவர் முதல்நாள் எதையும் வாங்கவும் கூடாது, நிறுவவும் கூடாது. அவருடைய வீட்டில் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து, அவர் தொலைபேசியை எப்படி எடுக்கிறார், தேநீர்க் கோப்பையை எந்தக் கையால் பிடிக்கிறார், பத்திரிகையைக் கண்ணுக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுவருகிறார் என்று பார்ப்பதே அன்றைய வேலை. இதை நான் பட்டுத்தான் படித்தேன். மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில், பிறந்ததிலிருந்தே கைகள் இறுகிப்போன ஒரு தம்பிக்காகக் கொழும்பிலிருந்து, மேலேயுள்ள பந்தை விரலால் உருட்டும் ஒரு பந்து மவுஸை எடுப்பித்து, இரண்டு நாளாக அவருடைய விரல்களை அதன்மேல் நிறுத்தப் போராடினேன். தேநீரோடு வந்த தாயார், "தம்பி ரீவிய கால் பெருவிரலாலதானே மாத்துற" என்றார். சாதாரண மவுஸ் ஒன்றைத் தரையில் இறப்பர் விரிப்பின்மேல் வைத்தபோது, அரை மணித்தியாலத்தில் அவர் கோப்புகளைத் திறந்துகொண்டிருந்தார். பந்து மவுஸ் இன்னமும் என் இலாச்சியில் கிடக்கிறது.

தேவைப்படும் வசதிகளில் பெரும்பகுதி விண்டோஸ் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மீதியிலும் பல இலவசமாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் விசையோடு 'யூ' எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் அந்த அமைப்புகள் உள்ள பக்கம் திறக்கும். அங்குள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் இயக்கிவிடுவது, உதவ வருகிறவர்கள் வழமையாகச் செய்யும் பிழை. ஒரு மாற்றத்தைச் செய்து, இரண்டு மூன்று நாள் பழகவிட்டு, பிறகு அடுத்ததற்குப் போனால்தான் எது உதவியது, எது தொல்லையானது என்பதைப் பயன்படுத்துகிறவரே சொல்ல முடியும்.

இருக்கையும் இடமும்

கடையில் விற்கும் கணினி மேசையின் இழுப்புத்தட்டு, சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்காலில் பெரும்பாலும் இடிக்கும். அவர் நாற்காலியில் இருக்கும்போது தரையிலிருந்து தொடையின் மேற்பக்கம் வரை அளந்து, அதற்கு மேல் 5 சென்ரிமீற்றர் இடைவெளி கிடைக்கும்படி, முன்பக்கத்தில் குறுக்குச் சட்டம் இல்லாத ஒரு மேசையை ஊர் ஓடாவியாரிடம் செய்விப்பது நல்லது. மேசையின் முன்விளிம்பில் உடல் உள்ளே பொருந்தும் அளவுக்கு ஓர் அரைவட்டம் வெட்டச் சொன்னால் இரண்டு முழங்கைகளும் பலகையில் தாங்கி நிற்கும். கை நடுக்கம் உள்ளவருக்கு இந்த ஒரு வெட்டே பாதி வேலையைச் செய்துவிடும்.

எங்கள் பகுதியில் மின்சாரத்தையும் காற்றையும் கணக்கில் எடுக்காமல் முடியாது. மாரியில் மின்சாரம் சொல்லாமல் நிற்கும்போது, மேசைக் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும் விழிப்புலனற்றவருக்குத் திரையை வாசிக்கும் குரல் திடீரென அறுந்துபோகும். கணினி பழுதா, மின்தடையா என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆகவே மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதனோடு பெரிய விசைப்பலகையைத் தனியாக இணைப்பதையே நான் விரும்புகிறேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதியும், கல்லடி, மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் விசைகளை இறுக்கிவிடும். விரலில் வலு உள்ளவருக்கு இறுகிய விசை பெரிதாகத் தெரியாது. வலு குறைந்தவருக்கோ அது அடைத்த கதவு. வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வைப்பது போதும்.

கை ஒத்துழைக்காதபோது

பாரிசவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவருக்கும், போர்க்காலத்தில் கையை இழந்தவருக்கும் முதலில் தடையாக நிற்பது, இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டிய இடங்கள்தான். ஷிஃப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் 'ஒட்டு விசைகள்' வசதியை இயக்கலாமா என்று கணினி கேட்கும். அதை ஏற்றுக்கொண்டால், ஷிஃப்டை ஒருமுறை தட்டிவிட்டுப் பிறகு எழுத்தைத் தட்டினாலே இரண்டையும் சேர்த்து அழுத்தியதாக அது எடுத்துக்கொள்ளும். கொன்ட்ரோல், ஆல்ட் விசைகளுக்கும் இதுவே முறை.

தமிழில் எழுதுவோருக்கு இதைவிட முக்கியமானது, எந்த விசைப்பலகை அமைப்பைத் தெரிவுசெய்கிறோம் என்பது. இலங்கையில் பலருக்குப் பழகிய ரெங்கநாதன் அமைப்பும் பாமினி அமைப்பும் பழைய தட்டச்சு வழக்கிலிருந்து வந்தவை; அவற்றில் பல எழுத்துகளுக்கு ஷிஃப்ட் வேண்டும். தமிழ் 99 அமைப்பில் உயிரெழுத்து 12 உம் மெய்யெழுத்து 18 உம் ஷிஃப்ட் இல்லாமலே வந்துவிடும். ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே ஷிஃப்டைத் தொட வேண்டும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. முதல் மகரத்தின் புள்ளியைக் கணினியே போட்டுக்கொள்ளும். ஒற்றைக் கையாலோ, வாயில் பிடித்த குச்சியாலோ எழுதுகிறவர் புதிதாகத் தட்டச்சுப் பழகுவதாக இருந்தால் தமிழ் 99 ஐயே பழக்குங்கள். ஏற்கெனவே ரெங்கநாதனில் வேகமாக எழுதிப் பழகியவரை மாற்ற முயல வேண்டாம். அவருடைய விரல்களுக்குத் தெரிந்ததை மறக்கச் சொல்வது ஒரு புதிய சுமை.

கை நடுக்கத்தால் ஓர் எழுத்து இரண்டு மூன்றாக விழுகிறவருக்கு 'வடிகட்டு விசைகள்' உதவும். வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் அது இயங்கும். ஒரே விசை மிகக் குறுகிய நேரத்துக்குள் திரும்ப அழுத்தப்பட்டால் இரண்டாவதைப் புறக்கணிக்கும்படி அதில் சொல்லிவைக்கலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு: தமிழ் 99 இல் 'ம்ம', 'க்க' போன்றவற்றுக்கு ஒரே விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்ட வேண்டும், புறக்கணிக்கும் நேரம் நீளமாக இருந்தால் இரண்டாவது எழுத்தைக் கணினி விழுங்கிவிட்டு 'அம்மா'வை 'அமா' ஆக்கிவிடும். ஆகக் குறைந்த நேரமான அரை விநாடியில் தொடங்கி, 'அம்மா', 'அக்கா', 'பட்டு' என்ற சொற்களை அவரைக்கொண்டே எழுதுவித்துப் பாருங்கள்.

மவுஸைப் பிடிக்க இயலாதவர், இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லொக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வலப்பக்க எண் விசைகளால் அம்புக்குறியை நகர்த்தலாம். நடுவிலுள்ள 5 சொடுக்கும், கூட்டல் குறி இரட்டைச் சொடுக்காகும். அம்புக்குறியின் வேகத்தை அமைப்புப் பக்கத்தில் கூட்டாவிட்டால் இது ஆமை வேகத்தில் ஊரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஒரு விசையைத் தேடிப் போகும் விரல் பக்கத்து விசைகளிலும் விழுமானால், விசைப்பலகைக்கு மேல் துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தலாம். சாதாரண விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீற்றர். பெயர்ப்பலகைக்காக அக்ரிலிக் வெட்டுகிறவர்களிடம் விசைப்பலகையையே கொண்டுபோய்க் கொடுத்து, 3 மில்லிமீற்றர் தகட்டில் துளையிடச் சொன்னால் வேலை முடிந்துவிடும். கையைத் தகட்டின்மேல் ஊன்றிக்கொண்டு விரலைத் துளைக்குள் இறக்கலாம்.

ஓர் அசைவு மட்டுமே கைவசம் உள்ளவருக்கு, அது முழங்கையாக இருந்தாலும் தலையாக இருந்தாலும், பழைய மவுஸ் ஒன்றிலிருந்து நாமே ஒரு பெரிய பொத்தானைச் செய்யலாம். மவுஸின் அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றித் திறந்தால், இடப் பொத்தானுக்கு நேர் கீழே மூன்று கால்களுள்ள ஒரு சிறு கறுப்புப் பெட்டி தெரியும். அழுத்தும்போது 'டிக்' என்று கேட்பது அதுதான். மல்ரிமீற்றரைக் கொண்டு, அழுத்தும்போது மட்டும் தொடர்பு ஏற்படும் இரண்டு கால்களைக் கண்டுபிடித்து, அவற்றில் ஒவ்வொரு மெல்லிய வயரைப் பற்றாசு வைத்து ஒட்டி, வயர்களை வெளியே எடுத்துப் பூட்டிவிடுங்கள். அவற்றின் மறுமுனையில் வீட்டு வாசலில் வைக்கும் அழைப்புமணியின் அழுத்தியைப் பொருத்தலாம். அது அழுத்தும்போது இணைந்து, விடும்போது பிரிகிறது என்பதால் இங்கே சரியாகப் பொருந்தும். புதிய அழுத்தியையே வாங்குங்கள். சுவரில் மின்சாரத்தோடு இணைந்திருக்கும் ஒன்றைக் கழற்றி எடுக்க வேண்டாம். வயரை இழுத்தால் ஒட்டு விடாதபடி, மவுஸுக்குள்ளேயே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மூடுவது நல்லது.

இனி விண்டோஸ், கொன்ட்ரோல், 'ஓ' மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரை விசைப்பலகையைத் திறந்து, அதன் தெரிவுகளில் 'விசைகளை ஒவ்வொன்றாக வருடு' என்ற பொருளுள்ளதைத் தெரிவுசெய்து, தெரிவுக்கு மவுஸ் சொடுக்கையும் குறித்துவிடுங்கள். வெளிச்சம் விசை வரிசைகளின் மேல் தானாக நகர்ந்துகொண்டிருக்கும். வேண்டிய இடம் வந்ததும் அவர் பொத்தானைத் தட்டினால் எழுத்து விழும். உள்ளீட்டு மொழியைத் தமிழுக்கு மாற்றினால் அந்த விசைகளில் தமிழெழுத்துகளே தெரியும். இது மெதுவான முறைதான். வேகத்தை நமது பொறுமைக்கு ஏற்பக் கூட்டிவிடாமல், அவர் தவறவிடாத அளவில் வைத்திருக்க வேண்டும். தலையை நன்றாக அசைக்கக் கூடியவருக்கு, வெப்கமராவைப் பார்த்துத் தலையசைத்தே அம்புக்குறியை நகர்த்த உதவும் ஈவயாகம் என்ற இலவச மென்பொருளும் உண்டு; வெளிச்சம் முகத்தில் விழும்படி அமர வேண்டும் என்பது மட்டுமே அதன் நிபந்தனை.

பேச்சுத் தெளிவாக உள்ளவர் எழுதவே தேவையில்லை. குரோம் உலாவியில் கூகுள் டொக்ஸைத் திறந்து, கொன்ட்ரோல், ஷிஃப்ட், 'எஸ்' மூன்றையும் அழுத்தி, மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிவுசெய்தால் பேசுவதை அது எழுதும். மட்டக்களப்புப் பேச்சை அப்படியே பேசினால் தடுமாறும். செய்தி வாசிப்பதுபோல நிறுத்திப் பேசினால் நன்றாகவே எழுதும். இணையத் தொடர்பு விட்டு விட்டு வரும் படுவான்கரைக் கிராமங்களில் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பார்வை குறைந்தவரும் விழிப்புலனற்றவரும்

ஓரளவு பார்வை உள்ளவருக்கு விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும். விண்டோஸோடு எஸ்கேப்பை அழுத்தினால் மூடும். கண்புரை உள்ள முதியோர் பலர் எழுத்தின் அளவைவிடத் திரையின் வெள்ளை வெளிச்சத்தாலேயே அதிகம் வருந்துகிறார்கள் என்பதால், பெருக்குவதற்கு முன் கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்தை ஒருமுறை வைத்துக் காட்டுங்கள். அதுவே போதும் என்று சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பார்வை இல்லாதவருக்கு வேண்டியது, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான். இவற்றில் நான் முதலில் நிறுவுவது என்.வி.டி.ஏ. விழிப்புலனற்ற அவுஸ்திரேலியரான மைக்கல் கரன் 2006 இல் தொடங்கி, அவரைப் போலவே விழிப்புலனற்ற ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்த இந்த மென்பொருள் இலவசமானது, தமிழ் இடைமுகமும் உள்ளது, நிறுவிய பின் இணையம் இல்லாமலே இயங்குவது. யு.எஸ்.பி. குச்சியில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பாடசாலைக் கணினியிலோ நூலகக் கணினியிலோ அங்கிருந்தே இயக்கவும் முடியும். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியானால் 2023.3 வரிசைப் பதிப்பையே தேடி எடுக்க வேண்டும். 2024 இன் பதிப்புகளும் அதற்குப் பிந்தியவையும் விண்டோஸ் 7 இல் இயங்கா.

அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. அது இயந்திரம் பேசுவதுபோலத்தான் ஒலிக்கும். ஆனால் விசையைத் தொட்டவுடன் பதில் சொல்லும், எவ்வளவு வேகம் கூட்டினாலும் சொல் சிதையாது. விண்டோஸ் 10 இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் பேச்சு அமைப்புகளுக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற ஆண்குரல் கிடைக்கும். இந்தியத் தமிழ் உச்சரிப்பாக இருந்தாலும் நீண்ட கட்டுரைகளைக் கேட்க இதமானது. இன்சர்ட், கொன்ட்ரோல், 'எஸ்' மூன்றையும் அழுத்திக் குரல் இயந்திரத்தை மாற்றலாம். முதல்நாள் இரண்டையும் கேட்கவைத்து, எது வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். நமக்குக் கர்ணகடூரமாகத் தோன்றும் ஈஸ்பீக்கையே பழகியவர்கள் விரும்பிக் கேட்பதுண்டு.

முதல் பாடத்தை இப்படித் தொடங்கலாம். இன்சர்ட்டையும் 1 ஐயும் அழுத்தினால் உள்ளீட்டு உதவி இயங்கும். அந்த நிலையில் எந்த விசையைத் தொட்டாலும் கணினி அதன் பெயரை மட்டும் சொல்லும், வேறெதையும் செய்யாது. எதையாவது பழுதாக்கிவிடுவேனோ என்ற பயம் போகும்வரை அரை நாள்கூட அதிலேயே விளையாடட்டும். எஃப், ஜே விசைகளில் ஏற்கெனவே சிறு மேடு உண்டு. இன்சர்ட், விண்டோஸ் விசைகளின்மேல் கியூட்டெக்ஸ் ஒரு துளி வைத்துக் காயவிட்டால் அவையும் விரலுக்குத் தெரியும். பிறகு குரலை நிறுத்தும் கொன்ட்ரோல், சாளரத்தின் தலைப்பைச் சொல்லும் இன்சர்ட்டும் 'ரி'யும், அவ்விடத்திலிருந்து தொடர்ந்து வாசிக்கும் இன்சர்ட்டும் கீழ் அம்பும், நேரத்தைச் சொல்லும் இன்சர்ட்டும் எஃப் 12 உம் என்று நான்கு கட்டளைகள் முதல் வாரத்துக்குப் போதும். அன்ட்ரொயிட் தொலைபேசியின் திரைவாசிப்பானான டோக்பக்கைப் பயன்படுத்திப் பழகியவர் இவற்றை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்.

இத்தனையும் செய்த பிறகும், ஒருநாள் அவர் உங்களை அழைத்து, "கடிதத்தைத் திறந்தா ஏதோ இங்கிலீசில உளறுது" என்பார். கணினியில் பழுது எதுவும் இல்லை. அக்கடிதம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டிருக்கும். பாமினியில் 'அம்மா' என்ற சொல், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பார்க்கிற கண் போர்வையைக் காண்கிறது, திரைவாசிப்பான் உள்ளே இருப்பதை வாசிக்கிறது. இதற்கு உடனடி வழி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் அந்தப் பகுதியை ஒட்டி, தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே கோப்பில் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடாக மாற்றுவது. நிலையான வழி, அவருக்கு அடிக்கடி எழுதும் பாடசாலை, சங்கம், கடை எல்லோரிடமும் யூனிகோட்டில் எழுதி அனுப்பும்படி கேட்பது. ஒரு கோப்பு யூனிகோடா என்று அறிய, ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்க்கலாம். அங்கேயும் தமிழாகத் தெரிந்தால் அது யூனிகோட். பார்வையுள்ளவர்களான நாம், ஒரே ஓர் எழுத்துருப் பழக்கத்தால், எங்களூரின் விழிப்புலனற்றோருக்கு எத்தனை ஆயிரம் பக்கங்களை மூடி வைத்திருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவதுண்டு. அதில் என் மீதான கோபமும் அடங்கும், நானும் பல வருடம் பாமினியில்தான் எழுதினேன்.

படமாக வரும் விண்ணப்பப் படிவங்கள் இன்னொரு வகைத் தொல்லை. படத்தையோ பி.டி.எஃப். கோப்பையோ கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸ் மூலம் திறந்தால், அதிலுள்ள அச்சுத் தமிழைப் பெரும்பாலும் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். அட்டவணைகள் குழம்பிப்போகும் என்பதால், படிவத்தின் கட்டங்களைப் பார்வையுள்ள ஒருவர் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

செவிப்புலன்

இதற்குச் செய்ய வேண்டியவை குறைவு. எச்சரிக்கை ஒலி எழும்போது திரை மின்னும்படி கேட்டல் அமைப்பில் குறித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்பவருக்கு, இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ தெரிவை இயக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் காணொளியில் பேசுகிறவர்களில் ஒருவரின் குரலே அவருக்கு எட்டாமல் போகலாம். வகுப்பில் ஆசிரியர் பேசுவதை எழுத்தாகப் பார்க்க, மேலே சொன்ன கூகுள் டொக்ஸ் குரல் தட்டச்சையே ஆசிரியரின் மேசையில் திறந்து வைக்கலாம். ஆனால் பிறவியிலேயே கேளாது சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி போன்றது என்பதை நினைவில் வைத்து, நீண்ட விளக்கக் குறிப்புகளைக் கொடுக்காமல் செய்து காட்டுங்கள்.

கேட்பதும் குறித்து வைப்பதும்

உபகரணம் ஏதேனும் வாங்க வேண்டியிருந்தால், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிறுவனங்களில் சேர்ப்பதிலும் இயலாமையைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்திருக்கிறது. அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருக்குத் திரைவாசிப்பானை நிறுவ அனுமதி கேட்கும் கடிதத்தில் இந்த இரண்டையும் குறிப்பிடுவது நல்லது. பணிவாகக் கேட்பதும் சட்டத்தைச் சொல்லிக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, கணினியின் பக்கத்திலேயே வையுங்கள். நான் அமைத்துக் கொடுத்த கணினி ஒன்றை வைரஸ் என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் நல்லெண்ணத்தோடு விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்துப் பொருத்திய வேகங்களும் நேரங்களும் ஒரு பிற்பகலில் போயின. என்.வி.டி.ஏ. அமைப்புகளோடு கூடிய ஒரு பிரதியை யு.எஸ்.பி. குச்சியில் எடுத்து, அந்தக் கொப்பியின் அட்டையிலேயே ஒட்டி வைப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

கடைசியாக ஒரு சோதனை. கணினியை முழுதாக அணைத்துவிட்டு, நீங்கள் முற்றத்துக்குப் போய்விடுங்கள். உள்ளே அவர் தனியாக அதை இயக்கி, கடவுச்சொல்லைக் கொடுத்து உள்நுழைந்து, ஒரு வரி எழுதிச் சேமிக்க வேண்டும். பலருடைய அமைப்பு கடவுச்சொல் திரையிலேயே நின்றுபோகும், ஏனெனில் அங்கே குரல் வராது. என்.வி.டி.ஏ.யின் பொது அமைப்புகளில் உள்நுழைவுத் திரையிலும் இயங்கும்படி ஒரு தெரிவு இருக்கிறது. அதைக் குறித்து, இப்போதுள்ள அமைப்புகளை அங்கேயும் பயன்படுத்தச் சொல்லும் பொத்தானையும் அழுத்திவிட்டு, கணினியை அணைத்து, மறுபடியும் முற்றத்துக்குப் போங்கள்.